அதிகப்படி

குன்னூரில் விடைத்தாள் திருத்தும் முகாம்.
காலையில் பதினைந்து, மதியம் பதினைந்து.
தாளில் பெயர் இருக்காது, கிழித்துவிட்டுத்தான் தருவார்கள்.
யாரென்று தெரியாமல் போடுவதுதான் நேர்மை
என்றார் சீஃப் ஞானப்பிரகாசம்.

பதினெட்டாவது கேள்வி:
தரிசு நிலம் – வரையறு.
விடைக்குறிப்பில் ஒரே வரி:
எவ்விதப் பயனுமின்றிக் கிடக்கும் நிலம்.
இரண்டு மதிப்பெண்.

இவள் இரண்டு விடை எழுதியிருந்தாள்.
இவள் என்று எப்படித் தெரியும்?
படியுங்கள்:

"எங்கள் லைனுக்கு மேலே புல்வெளி இருக்கிறது.
வெள்ளைக்காரன் கணக்கில் அது தரிசு. இப்போதும் தரிசு.
சித்திரையில் பைப்பில் காற்று வரும்போது
அதன் காலடி ஊற்றில்தான் குடம் வைப்போம்.
லைன் கக்கூசுக்குக் கதவில்லை.
விடியுமுன் டார்ச்சோடு மூன்று பேராகப் போவோம்.
காட்டெருமை நிற்பதை
சரசு அக்கா வாடையிலேயே சொல்லிவிடும்.
யாருக்கு நாள் தள்ளியிருக்கிறது,
யார் எடையில் சூப்பர்வைசர் இரண்டு கிலோ அடித்தான்,
எல்லாம் அங்கேதான் பேசுவோம்.
வீட்டில் முடியாது. ஒற்றைச் செங்கல் சுவர்.
பயனில்லாத நிலத்தை நான் பார்த்ததில்லை."

பிறகு ஸ்கேல் வைத்து ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே
'மார்க்குக்கு' என்று தலைப்பிட்டு
புத்தக வரி,
ஒரு புள்ளி பிசகாமல்.

ஒரு கேள்விக்கு இரு விடை இருந்தால்
ஒன்றுக்கு மதிப்பெண் போட்டு
மற்றதை அடித்து
'அதிகப்படி' என்று எழுத வேண்டும். விதி.

நானும் லைன் வீட்டுக்காரிதான்.
கோத்தகிரிப் பக்கம். அதே இருட்டு, அதே டார்ச்.
எனக்கு முன்னால் போன பெண்ணின் குதிகால் வெடிப்பு
இன்னும் கண்ணில் நிற்கிறது.
என் பரீட்சையிலும் இதே கேள்வி வந்தது.
கீழ் விடையை மட்டும் எழுதினேன்.
மேலே ஒன்று உண்டென்று
தோன்றவே இல்லை, அதுதான்.
இரண்டுக்கு இரண்டு.
அந்த இரண்டைப் பிடித்துத்தான் ஏறினேன்,
பி.எட்.,
கதவுள்ள கக்கூஸ்,
இந்தச் சிவப்புப் பேனா.

மேல் விடைக்குப் பக்கத்தில் 2 என்று போட்டேன்.
கீழே, என் வரியின் குறுக்கே,
சாய்வாக ஒரு கோடு:
அதிகப்படி.

சீஃப் வந்தார். தாளைப் புரட்டினார்.
ஓரத்து எண்களை மட்டும் விரலால் கூட்டினார்.
"டோட்டல் சரி மேடம்."
டோட்டல் மட்டும்தான் மலையிறங்கும்.

மதியக் கட்டில்
யாரும் இரண்டு எழுதவில்லை.
பதினைந்து பேருக்கும் முழு மதிப்பெண்.
ஒவ்வொரு தாளிலும் அந்த ஒற்றை வரிக்கு மேலே
ஏதாவது எழுதி அழித்த தடம் இருக்கிறதா என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஜன்னலைப் பனி மூடும் வரை.