கறைக்கு நாங்கள் பொறுப்பல்ல

டோங்காட் கடைவீதியில்
எங்கள் சலவைக்கடை ரசீதின் அடியில்
எறும்பு எழுத்தில் ஒரு வரி:
ஸ்டெயின்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல.

கரும்புக் கொல்லை எரிக்கும் மாதங்களில்
வானத்திலிருந்தே கரி விழும் இந்த ஊரில்.
அதற்கும் பொறுப்பல்ல.
மீன்குழம்பு, மை, பையன்களின் மூக்கு ரத்தம்
எதுவானாலும் சாக்பீஸால் வட்டமிட்டு
ஸ்டெயின் என்று எழுதி வாங்குவது என் வேலை.
பதினோரு வருஷம் எழுதியும்
எந்த ஊர்க்காரன் நீ என்று
அந்தச் சொல்லைக் கேட்டதில்லை.

செவ்வாயன்று ருக்குமோனி கிஸ்டன் வந்தார்.
மகனின் கறுப்புக் கோட்டில், முழங்கைக்கு மேல்
கட்டைவிரல் அகலம் வெளுத்திருந்தது.
"இந்த ஸ்டெயின் உங்கள் கடையில் ஆனது."

"ஸ்டெயின் என்றால் எதாவது ஏறியிருக்கணும் அம்மா.
இதில் நிறம் போயிருக்கு, அவ்வளவுதான்"
என்றார் முனியன் முதலாளி.

"ஸ்டெயின் இல்லையென்றால்
நீங்கள்தானே பொறுப்பு?"
ரசீதைத் தட்டிக் காட்டினார் அந்த அம்மாள்.

முதலாளி என்னைப் பார்த்தார்.
நான் உள்ளே பார்த்தேன்.
இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியபடியே
நின்றுவிட்டாள் தோபிலே.
ஜிக் சொட்டியது அவள் கையிலிருந்து.
எனக்குத் தெரியும். அவள் சம்பளமும் தெரியும்.

மத்தியானம் நூலகத்தில்
தலையணை கனத்தில் ஒரு அகராதி.
பிரெஞ்சு வழி வந்த வேருக்கு
நிறத்தைப் பறித்தல் என்று பொருளாம்.
வடகடல் தாண்டி வந்த வேருக்கு வண்ணம் பூசுதல்.
எடுத்ததும் வைத்ததும்
ஒரே வாயில் விழுந்து ஒரே சொல்லாகியிருக்கிறது.

ஆக, ஸ்டெயின்தான்.
சொன்னால் கடை தப்பும், தோபிலே தப்புவாள்,
கிஸ்டன் அம்மாள் ஏமாறுவார்.
கறை என்றால் பழந்தமிழில் வரி என்றும் உண்டு;
யாராவது கட்டித்தான் ஆகவேண்டும்.

சொல்லலாமா என்று நான் நிற்கையில்
தோபிலே தன் பிள்ளையின் பள்ளிப்பையிலிருந்து
கறுப்பு மைப்பேனா எடுத்து வந்தாள்.
நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு
நூல் நூலாகப் பூசினாள்.
அவள் மொழியில் நிறம் உம்பலா, புள்ளி இபலா.
"பக்கத்து வீட்டுக்காரர்கள்" என்றாள்.

சனிக்கிழமை கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"போய்விட்டதே!" என்றார் கிஸ்டன் அம்மாள்.
காசு கொடுத்தார். பத்து ராண்ட் கூடவே.

அடுத்த செவ்வாய்
வெள்ளைச் சட்டை ஒன்று கொண்டுவந்தார்.
இடது கையில், முழங்கைக்கு மேல்,
கட்டைவிரல் அகலம் கறுப்பு.
எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லையாம்.

சாக்பீஸ் எடுத்தேன்.
வெள்ளையில் வெள்ளை வட்டம்
விழவே இல்லை.