நாலு மில்லிமீட்டர்

பஹ்ரைனில் ரயில் கிடையாது.
ஜனபியாவில் எங்கள் வாடகை வீட்டைச் சுற்றி மட்டும் ஓடுகிறது:
சுற்றுக்கு எண்பத்து நாலு மீட்டர்,
அகலம் ஏழேகால் அங்குலம்,
நிலையம் ஒன்றே ஒன்று,
அதுவும் துணி காயும் கொடிக்கு அடியில்.

மோட்டார் இரண்டும் ஆஸ்பத்திரி ஏலத்தில் எடுத்தவை.
மின்சாரச் சக்கர நாற்காலியைப் பரப்பிப் போட்டு
வெள்ளிக்கிழமை காலை பிரித்துக்கொண்டிருந்தேன்.
இரவுப் பணி முடிந்து வந்த ஜெபக்கனி
செருப்பைக் கழற்றாமல் நின்று பார்த்தாள்.
"இது மூணாம் வார்டு வண்டில்லா.
இடது கைப்பிடியில பிளாஸ்திரி சுத்தியிருக்கும், பாருங்க."
சுற்றியிருந்தது.
இதில் உட்கார்ந்திருந்தவர் என்ன ஆனார் என்றேன்.
நடந்தே வீட்டுக்குப் போனார் என்றாள்,
கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டாள்.
நான் ஸ்பானரைத் தேடினேன்.

மணிக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல்
அந்த மோட்டாருக்குத் தெரியாது.
பல்சக்கரம் மாற்றினால் பறக்கும் என்றான் இஃப்திகார்,
சியால்கோட்காரன்,
சல்மாபாத் பட்டறையில் அலுமினியப் பட்டையை வளைத்துத் தந்தவன்.
ஆரம் ஐந்து மீட்டர் என்றால்
"ஐந்துக்குக் கொஞ்சம் முன்னாடி" என்பான்,
சொன்னபடி வளைத்தும் விடுவான்.
எலுமிச்சை மரத்தருகே வண்டி இன்றைக்கும்
ஒரு தோளைத் தாழ்த்தித்தான் திரும்புகிறது.

வீட்டுக்காரர் அப்துல் நபி வந்து குனிந்து பார்த்தார்.
எங்கே போகும்?
சமையலறைக்கு, என்றேன்.
நியாயமான ஊர்தான் என்பதுபோலத் தலையசைத்தார்.

முதல் சரக்கு, காஸ் சிலிண்டர்.
கொண்டுவந்த மஹ்தி அதை ஏற்றிவிட்டு
தானும் பின்னால் ஏறிக்கொண்டான்.
இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.
மூன்று சுற்று.
தெருவில் அவன் லாரியில் இருந்தவன்
ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான்.

தண்டவாளம் பதித்தது ஜனவரியில்.
மூன்று மீட்டருக்கு ஒரு துண்டு,
துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே நாலு மில்லிமீட்டர்.
வெயில் நீட்டப்போகும் நீளத்தை
குளிரிலேயே ஒதுக்கி வைத்துவிட வேண்டும்.
சம்பளத்தில் நான் இப்படி ஒதுக்கியதில்லை.

சுற்றுக்கு இருபத்தெட்டு இடைவெளி, இருபத்தெட்டு 'டக்'.
வண்டி எங்கே வருகிறதென்று
ஜெபக்கனி வெங்காயம் அரிந்தபடியே சொல்வாள்.
ஷமால் காற்று அடித்த மறுநாள் மட்டும் கணக்குத் தப்பும்:
இடுக்கெல்லாம் மணல்.
பழைய பெயிண்ட் பிரஷ்ஷும் நானும்
முழங்காலில் ஒரு முழுச் சுற்று.

ஜூலையில் இடைவெளிகள் ஒட்டிக்கொண்டன.
இரவில் கொஞ்சம் முனகும், பகலில் ரயில் ஊமை.
பிற்பகல் மூன்று மணி,
புது கன்ட்ரோலரைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.
தூங்கி எழுந்து துணி எடுக்க வந்தவள்,
முகத்தை மறைக்கும் அளவு போர்வையும் சீருடையும்.
பிரேக்கை நான் பிடித்தபோது
அவள் குதிகாலுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண்.

அவள் கத்தவில்லை.
உள்ளே போய்ப் பால்பவுடர் டின் ஒன்றைக் கொண்டுவந்தாள்,
என் பெட்டியிலிருந்து இரண்டு நட்டை எடுத்துப் போட்டாள்,
வண்டியின் வாலில் கட்டினாள்.
ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்
கல்யாண வீட்டுக் கார் மாதிரி ஓடினோம்.

நவம்பர் கடைசி வாரம், இரவு ஒன்பது.
எலுமிச்சையைத் தாண்டும்போது
டின் சத்தத்துக்கு அடியில் வேறொன்று கேட்டது.
ஒரு டக்.
பிறகு ஒன்றுமில்லை.
ஒரு சுற்று வந்தேன். அதே இடத்தில், டக்.
அதற்கடுத்த இணைப்பிலும் ஒன்று.

படுக்கையறை ஜன்னலில் ஏசி நின்றது.
ஏப்ரலுக்குப் பிறகு அது நின்று நான் கேட்டதில்லை.
உள்ளிருந்து குரல்:
"கட்டிலுக்கு அடியில இருக்க கம்பளியை எடுத்துரவா?"

எடு, என்றேன்.
வண்டியை நிறுத்திவிட்டு
டின்னின் முடிச்சைத் தேடினேன்.
ஆஸ்பத்திரி முடிச்சு.
அவிழ நேரமாயிற்று.