பன்னிரண்டு புள்ளி ஒன்பது

எல்கோய்பாரில் அன்று
குடைக்கு அகப்படாத சாரல்.
தேபா ஆறு பாலத்தடியில் கலங்கிப் போனது.
பெட்டியில் பன்னிரண்டு புது மைக்ரோமீட்டர்கள்,
ஒவ்வொன்றும் எண்ணெய்த்தாளில் சுற்றி.
ஒவ்வொரு சான்றிதழிலும் ஒரே கையெழுத்து, ஒரே சுழிப்பு.
கையெழுத்தை நான் அளப்பதில்லை.

முதல் நாள் தொடவே இல்லை.
கருங்கல் மேசைமேல் கிடத்தினேன்.
இருபது டிகிரிக்கு வரட்டும்.
லாரியில் ஏறிய குளிர் எஃகை விட்டு இறங்க
ஒரு ராத்திரி ஆகும்.
சாணைப் பிரிவு அமெட்ஸ் மூன்று முறை வந்து
கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிவிட்டுப் போனான்.
திறக்கவில்லை.
அவன் மூச்சும் ஒரு வெப்பம்தான்.

மயிரிழை என்பார்கள் வெளியே.
எங்கள் கணக்கில் மயிரிழை ஓர் உத்தரம்.
எனக்கு அனுமதி
இரண்டு மைக்ரான்.

மறுநாள் பருத்திக் கையுறை.
சுழியம் பார்த்தேன்: பன்னிரண்டும் சுழியம்.
இரண்டரை. ஐந்து புள்ளி ஒன்று. ஏழு புள்ளி ஏழு.
அளவுக்கட்டைகளை ஒவ்வொன்றாக வாயில் கொடுத்தேன்.
கிடுக், கிடுக், கிடுக்.
கடித்துப் பார்த்துச்
சரியாகச் சொல்லின.

பன்னிரண்டு புள்ளி ஒன்பதில்
முதல் கருவி மூன்று மைக்ரான் கூடச் சொன்னது.
துடைத்தேன். மறுபடி மூன்று.
இரண்டாவது கருவி: மூன்று.
ஏழாவதற்கு வந்தபோது
எனக்குள் ஒரு சந்தோஷம். மறைப்பானேன்,
மலிவென்று இதை வாங்க வேண்டாமென
கூட்டத்தில் சொன்னவள் நான் ஒருத்தி.
பன்னிரண்டுக்கும் சிவப்பு முத்திரை குத்திவிட்டு
பெர்காராவுக்குப் போன் போட்டேன்.
விற்றவன் எகோய்ட்ஸ் வாதாடவில்லை.
"பன்னிரண்டுமா, மயாலென்?
ஒரே இடத்திலா?"
என்றான். பிறகு,
"வந்து எடுத்துக்கொள்கிறேன்."

ஆம்லெட் தொண்டையில் நின்றது.
பொய் சொல்கிறவர்கள்
ஆளுக்கொரு பொய்யல்லவா சொல்வார்கள்.

பிப்ரவரியில்
மின்சாரம் போய் வந்த ஒரு நொடியில்
இடுக்கியிலிருந்து நழுவியது அந்தக் கட்டை.
சின்னச் சத்தம்.
அறையில் யாருமில்லை.
துடைத்து, அதன் குழியில் வைத்து, மூடியைச் சாத்தினேன்.
பதிவேட்டில் அந்த நாளுக்கு வரி கிடையாது.

ஒளித்தட்டை அதன்மேல் வைத்து
மஞ்சள் விளக்கின்கீழ் குனிந்தேன்.
கோடுகள் நேராக ஓட வேண்டும்.
ஓடின.
ஒரு மூலையில் மட்டும் நெருங்கி, வளைந்து,
ஆற்றில் பாறையைச் சுற்றிப் போகும் நீர் போல
எதையோ சுற்றிப் போயின.
விரல் நகத்துக்குக்கூடத் தட்டாத பிசிறு.

இந்தக் கட்டையை நம்பி எட்டு மாதத்தில்
நான் தள்ளிய பழைய கருவிகள் நான்கு.
ஒன்று அமெட்ஸுடையது.
உள்ளங்கைச் சூட்டில் வைத்துக் கெடுத்தாய் என்று
எல்லோர் முன்னும் திட்டியிருந்தேன்.
இரண்டு வாரம் அவன்
கருவியைக் கைக்குட்டையால் பிடித்து நடந்தான்.

தொழிற்பள்ளியில் கட்டை இரவல் வாங்கி வந்தேன்.
அதற்கும் ஒரு ராத்திரி.
பதினொன்று துல்லியம்.
ஒன்பதாவது ஒரு மைக்ரான் கூட;
அது அதனுடைய சொந்தத் தப்பு, அனுமதிக்குள்.
எகோய்ட்ஸிடம் வரவேண்டாம் என்றேன்.
ஏன் என்பதையும் சொன்னேன்.
அமெட்ஸுக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.
அவனிடம் சொல்வது
போனில் சொல்வதைவிட நீளமாக இருந்தது.

படிவத்தில்
புதியவை பன்னிரண்டும் ஏற்கப்பட்டன.
கட்டை 12.9 நிராகரிக்கப்பட்டது.
காரணம் என்ற கட்டத்தில்
'கீழே விழுந்தது' என்று எழுதினேன்.
அடித்தேன்.
'கீழே போட்டேன்.'

நாள் என்ற கட்டம் இன்னும் காலி.
பிப்ரவரி.
செவ்வாயா, புதனா?
அவ்வளவு துல்லியம் என்னிடம் இல்லை.