ஒன்பதெழுத்து

நோர்தோல்ற், ஏ-நாற்பது சாலையோரம்,
பெற்றோல் செட்டில் இரவு வேலை எனக்கு.
ஐந்தாவது பம்ப் வருசத்தில் பாதி நாள் ஓடாது.
அதைப் பற்றி எழுத வரவில்லை.

டிசம்பர் முப்பத்தொன்றோடு
அட்டை காலாவதி என்று ஈமெயில் வந்தது.
உங்களுக்கு ஒன்றுமில்லை, அட்டைக்குத்தான்,
என்று அடுத்த வரி.
கால எல்லையில்லாத அனுமதி அது.
அதை அச்சடித்த பிளாஸ்ரிக்குக்கு மட்டும் எல்லை.

சுகிர்தா போனைப் பிடித்தாள்.
முகத்தை வட்டத்துக்குள் வைக்கச் சொன்னது, வைத்தேன்.
திரை மஞ்சளாகி நீலமாகிச் சிவப்பாகி
என்னைத் திருவிழாக் கோபுரம் ஆக்கியது.
கண்ணாடியைக் கழற்று என்றது.
கழற்றினால், அடுத்து என்ன சொல்கிறது என்று
வாசிக்கத் தெரியாது.
"சிரியாதேங்கோ, இன்னொருக்கா எடுக்கச் சொல்லும்."
நான் சிரிக்கவில்லை.
பயந்தால் என் வாய் அப்படித்தான் போகும்.
வவுனியா தாண்டி ஒரு சென்றியில்
இந்த வாய்க்காகவே அறை வாங்கியிருக்கிறேன்.

அங்கே அட்டை இல்லாதவன் ஆளே இல்லை.
அட்டை உறைக்குள், உறை சட்டைப் பைக்குள்,
பையின் வாயில் ஒரு ஊசி.
குளிக்கும்போதும் கிணற்றுக் கட்டில்
சவர்க்காரத்துக்குப் பக்கத்தில்.
சபேசனை பஸ்ஸால் இறக்கின அன்று
அவனுடையது மற்றச் சட்டையில் கிடந்தது.
அதைப் பற்றியும் எழுத வரவில்லை.

மனேச்சர் டாரியுஸ் ஷெயார் கோட் கேட்டான்.
ஒன்பதெழுத்து.
வேலைக்கென்றால் டபிள்யூவில் தொடங்கும்,
வீட்டு வாடகைக்கென்றால் ஆரில்.
ஐந்தெழுத்து சொல்லி வளர்ந்தவன் நான்.
எட்டெழுத்துக்காரரும் சொந்தத்தில் உண்டு.
இரண்டுக்கும் கெடு இல்லை.
இது தொண்ணூறு நாளில் பலிக்காமல் போகும்.

எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
என் 'வி' அவன் காதில் 'பி'யாக விழுந்தது.
அப்படி ஒருவர் இல்லை என்றது கொம்பியூற்றர்.
அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
கவுண்டருக்கு இந்தப் பக்கம்
ஐந்தடி ஏழு அங்குலம், கையில் ஈர மொப்போடு
நான்தான் நின்றேன்.
மன்னித்துக்கொள், என்றான் திரையை நம்பி.
இரண்டாம் தரம் ஒழுங்காக அடித்தான்.
கிடைத்தேன்.
அதே வாய்.
ஐயாவின் பெயரை முன்னுக்கு விட்டு
என்னைப் பின்னுக்கு நிறுத்தியிருந்தார்கள்.
உயிரோடிருந்தபோது அவர் வல்வெட்டித்துறை தாண்டினதில்லை.

போன கிழமை, விடியப்புறம் மூன்று மணி.
பொலிஸ்காரி ஒருத்தி கதவைத் தள்ளினாள்.
சீருடையைக் கண்டதும் கை
நெஞ்சுப் பைக்குப் போய்விட்டது.
பை வெறுமை.
போன் லாச்சிக்குள் சார்ஜில் கிடந்தது,
நாலு வீதத்தில்.
நான் அதற்குள்.

அவள் கோப்பிக்கு மூடி எங்கே என்றாள்.
காட்டினேன்.
மற்றக் கை இன்னும் நெஞ்சிலேயே இருந்ததைப் பார்த்து
"நெஞ்சு நோகுதா? அம்புலன்ஸ் கூப்பிடட்டா?"
இல்லை, பழக்கம், என்றேன்.
என்ன விளங்கியதோ,
சீனி மூன்று பக்கற் எடுத்துக்கொண்டு போனாள்.

ஆறு மணிக்கு வெளியே வந்தால்
காரின் முன்கண்ணாடி முழுக்க உறைபனி.
சுரண்டி உடைந்து ஒரு மாதம்.
பேர்ஸைத் திறந்தேன்.
பாங்க் அட்டை வளைகிறது.
லைபிரரி அட்டை மகளுடையது, குட்டி ஆமைப் படம் போட்டது,
மனம் வரவில்லை.
பழையது நல்ல உறுதி.

முகம் உள்ளங்கைப் பக்கம் வரப் பிடித்து
ஓட்டுகிற பக்கத்தை மட்டும் சுரண்டினேன்.
கறகற என்று, அந்த நேரத்தில்
நோர்தோல்ற் முழுக்கக் கேட்கிற மாதிரி.
ஒரு முழ அகலத்துக்கு ரோடு தெரிந்தது.
சேட்டில் துடைத்தேன். கீற்றருக்கு முன் பிடித்துக் காயவிட்டேன்.
அந்த வாயில் ஒரு கீறல் விழுந்திருந்தது.

மேல் பையில் வைத்துக்கொண்டு
காரை எடுத்தேன்.
ஊசி மட்டும் குத்தவில்லை.