எத்தனை கோப்பை

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
அந்த ஆகஸ்டில்
தினமும் எத்தனை கோப்பை பால் குடித்தீர்கள்?

குல்யாஷ் பேனாவை மூடுகிறாள்.

புல்வெளிக்கு அப்பால் இன்னொரு சூரியன் எழுந்து
ஜன்னல் கண்ணாடிகள் உதிர்ந்த மாதம்.
தம்பி தோலெகெனுக்குப் பால் வாடையே ஆகாது.
அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும்
அவன் கோப்பையையும் இவளே காலி செய்வாள்.
கூலி: விளையாட
ஆட்டின் கணுக்கால் எலும்பு ஒன்று.
பெட்டி நிறையச் சேர்த்தாள்.

இப்போது
விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை,
அரைமணி கழித்துத்தான் தேநீர்.
பனிக்காலத்தில்
கழுத்துத் தையல் இழுக்கிறது,
யாரோ பின்னாலிருந்து கூப்பிடுவதுபோல.

செமேய் ஆஸ்பத்திரியின் நீள பெஞ்சில்
அவளுடைய சால்வையை மடியில் வைத்தபடி
தோலெகென் எட்டிப் பார்க்கிறான்.

‘ஒன்று’ என்று எழுதுகிறாள்.

அவன் பேனாவை வாங்கி
அதை அடித்து
‘இரண்டு’ என்கிறான்,
எழுதாமல்.