கையொப்பத்துக்கு ஒரு கோடு

கூட்டத்துக்கு வரச்சொல்லி ஒட்டிய கடதாசி
மழையில் கரைந்து
திகதி மட்டும் மிஞ்சியிருந்தது.
திகதிக்குப் போனோம்.

பெரியநீலாவணை மாடிவீடுகளின் கீழ்த்தளம்.
வீடமைப்பு ஐயா பிளாஸ்டிக் கதிரையில்.
மேசையில் ஒரு பச்சைப் பெட்டி, பூட்டோடு.
"உங்கட ஆலோசனைகள இதுக்குள்ள போடுங்க.
குடியிருக்கிறவங்கட குரல்தான் எங்களுக்கு முக்கியம்."
திறப்பு எங்கே என்று கேட்டாள் மூன்றாம் மாடி றிஸ்மியா.
அம்பாறையில், என்றார்.

பெட்டி இங்கே, திறப்பு அங்கே.
இந்தக் கட்டிடத்துக்கு இது பழகினதுதான்:
தாங்கி கூரையில்,
தண்ணீர் நிலத்துக்குக் கீழே.

முறைப்பாடு எழுதத் தெரியாத வீடு இங்கில்லை.
பன்னிரண்டு வருசமாக எழுதுகிறோம்.
முறைப்பாடு இருமலைப் போல,
பக்கத்துச் சுவருக்கு மட்டும் கேட்கும்.

பெட்டிக்குள் ஒன்றும் போடவில்லை.
ஒரு சீஆர் கொப்பி வாங்கி
மோட்டர் அறைக் கதவில் சணல் கட்டித் தொங்கவிட்டோம்.
இரவு வேலை முடிந்து ஆஸ்பத்திரியால் வரும் யோகமலர்
செருப்புக் கழற்றுமுன் எழுதினாள்:
*5.10 ஓடத் தொடங்கியது. 5.22 நின்றது.*
ஹிமாஸுக்கு எட்டு வயது, பென்சிலால் எழுதினான்:
*தண்ணி வரல்ல. வாப்பா ஏசினார்.
ஆருக்கென்டு தெரியா.*
வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் றிஸ்மியா:
*கொந்தராத்து ஆள் வந்தார். மோட்டரைப் பார்த்தார்.
தேத்தண்ணி குடித்தார். சீனி காணாதென்றார். போனார்.*

நாற்பத்து மூன்று நாள்.
இருபத்தொன்பது நாள் இரண்டாம் மாடிக்கு மேலே
தண்ணீர் ஏறவில்லை.
அதே நாட்களில் நான்கு தடவை திருத்தியதாக
நான்கு பில் போயிருந்தது.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப்
பிறகும் வாசித்தார்.
சீனிப் பக்கத்தில் கொஞ்சம் சிரித்தார்.
கெட்ட மனிசன் இல்லை.
அவருக்குத் தாள்கள்தான் வரும்.
தாள்களில் எங்கள் மோட்டர்
ஒருநாளும் நின்றதில்லை.

கமிட்டி வேண்டுமா என்று கேட்டார்.
தொப்பி, ரீசேட், தேநீர் விருந்து?
பில்லுக்குக் கீழே ஒரு கோடு போதும் என்றோம்.
அதில் எங்களில் ஒருவர் கையொப்பம்.
அது இல்லாமல் காசு போகக்கூடாது.

ஏழு மாதம் போனது.
படிவம் முதலில் சிங்களத்தில் வந்தது. திருப்பி அனுப்பினோம்.
மறுகா தமிழில் வந்தது:
*குடிப்பாளர் கையொப்பம்.*
இரண்டாம் புளொக் ஒரு கிழமை சிரித்தது.
சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

சிரிப்பு முடிய, சண்டை.
"வெச்சா மாட்டுப்படுவீங்க," என்றார் தம்பிமுத்தர்.
"நாளைக்கு மோட்டர் நிண்டா
ஒப்பம் வெச்சவளத்தான் புடிப்பானுகள்."
அவர் சொன்னதில் பிழை இல்லை.
அதனால்தான் மாதத்துக்கு ஒரு வீடு என்று வைத்தோம்.
முதல் மாதம் எனக்கு விழுந்தது.

கொந்தராத்துக்காரரின் பொடியன்
அடைமழையில் சைக்கிளில் வந்தான்.
பில்லை ஷொப்பிங் பேக்குக்குள் சுற்றி
நெஞ்சோடு வைத்திருந்தான்.
"ஒரு ஒப்பம்தானே அக்கா,
எனக்குச் சம்பளம் இதிலதான்."
தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது,
எங்கள் பைப்பில் சொட்டாத தண்ணீர்.

பேனை என் கையில் இருந்தது.
"வா மேலே," என்றேன்.
நாலு மாடி.
உப்புத் தின்ற கைபிடியைத் தொடாமல் ஏறச் சொன்னேன்.
என் குசினிப் பைப்பைத் திருகச் சொன்னேன்.
திருகினான்.
இருமி, இழுத்து,
நீளமாக ஒரு மூச்சு விட்டது.

"காத்துதான் வருது," என்றான்,
நான் கேட்காமலே.
தலை துவட்டத் துவாய் கொடுத்தேன்.
கோட்டில் என் பெயரை எழுதவில்லை.
அவன் சொன்னதையே எழுதினேன்: *காற்று வருகிறது.*
திகதி போட்டேன்.

பதினொரு நாளாகிறது.
அம்பாறையில் ஒரு மேசையில் அந்தத் தாள் கிடக்கிறது,
காசு நகரவில்லை,
யாரோ தொலைபேசியில் சத்தம் போடுகிறார்களாம்.
முதல் தடவையாக
அம்பாறை எங்களுக்காகக் காத்திருக்கிறது.

நாங்களும்தான்,
வாளிகளோடு.
அந்தப் பொடியனுக்கு இந்த மாதம்
சம்பளம் கிடைத்ததா என்று
கொப்பியில் ஒருவரும் எழுதவில்லை.