மோதிரக் கலம்

வங்கியில் எனக்கு நகை அடைவுப் பிரிவு.
பன்னிரண்டு வருசமாய் மற்றவர்களின் மோதிரங்களை
உரைத்து, நிறுத்து,
பழுப்பு உறையில் போட்டு நூல் கட்டுகிறேன்.
கல் இருந்தால் கல்லின் எடையைக் கழிக்க வேண்டும்,
அது ஒன்றுதான் சிரமம்.

களைப்பென்று போனபோது
இரத்தம் ஏழு என்றார்கள். இரும்புக் குளிசை தந்தார்கள்.
நாற்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு
இரத்தம் ஏன் குறையும் என்று
எல்லாருக்கும் தெரிந்திருந்தது.
எனக்கும்.
எட்டு மாதம் கறுப்பாய்ப் போனது,
குளிசைதான் என்றிருந்தேன்.

டொக்டர் நிஸ்தார்
அடிவயிற்றில் வலப்பக்கம் விரல்களை வைத்தார்.
பக்கத்துப் பள்ளியில் பாங்கு முடியும்வரை
எடுக்கவில்லை.

கமரா உள்ளே போய் வந்தது.
நகக்கண் அளவு சதை
இரவு ரயிலில் கொழும்புக்குப் போனது.
முதல் கடிதம் சளி என்றது, முடிவு சொல்லவில்லை.
இரண்டாவது துண்டுக்குப் பத்தொன்பது நாள்.

"அபூர்வம். நூறு பேரில் ஒருவருக்கு."
மருந்துத் துண்டின் பின்பக்கம்
பேனையால் ஒரு வட்டம் போட்டு
ஓரத்தில் ஒரு புள்ளியை அழுத்தினார்.
"கலத்துக்குள் சளி நிறைந்து
கருவை விளிம்புக்குத் தள்ளிவிடும்.
பார்க்க மோதிரம் மாதிரி. பெயரும் அதுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
யோகசீலன் எழுந்து வெளியே போனார்.
நான் கேட்டது: எத்தனை?

சவர்க்காரம் போட்டும் என் மோதிரம் கழலவில்லை.
சேருவிலப் பிள்ளை ஒருத்தி, ரசாஞ்சலி மிஸ்ஸி,
விரலில் நூல் சுற்றி எடுத்தாள்.
"நாலரைக் கிராம் இருக்கும்" என்றேன்,
மயங்குமுன் நான் சொன்ன கடைசி வார்த்தை அது.

வலப்பக்கப் பெருங்குடலை வெட்டி எடுத்து
சிறுகுடலை மிச்சத்தோடு தைக்க
ஐந்து மணித்தியாலம்.
இருபத்தொரு நிணநீர்க் கணுக்களை
ஒவ்வொன்றாய் அறுத்துப் பார்த்தார்களாம்.
நாலில் மோதிரம் இருந்தது.
பதினேழில் இல்லை, பதினேழில் இல்லை என்று
டொக்டர் இரண்டு தரம் சொன்னார்.
கழித்தல் எனக்குத் தெரியும்.

அடுத்த புதன் மருந்தேற்றம் தொடங்கும்.

துண்டு வெட்டி வெளியே வந்தோம்.
வாசலில் ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின் லஞ்ச்சீற்றைத்
தின்றுகொண்டு நின்றது.
இந்த ஊரில் மான்கள் ஓட்டோவுக்கும் விலகாது.
"விடும்" என்றார் யோகசீலன்.
தையலை ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு
மற்றக் கையால் இழுத்தேன்.
என்னைப் பார்த்தபடியே அது வாயைத் தளர்த்தியது.

அரை முழம் வந்தது.
நுனி கிழிந்திருந்தது.